காலிக் கட்டிலாண்ட க்ளவுஸ் போடாத

புதுவாயல் கூட்ரோட்டுல பஸ்ஸ உட்டு எறங்குனப்ப என் ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சு. பளீர்னு வெயில். டீக்கடையாண்ட கம்பெனிப் பசங்க நாஷ்டா துன்னுக்கினு நின்னாங்க. லாரிப் புழுதி, கெமிக்கல் நாத்தம் எல்லாம் எனக்குப் பழக்கம்தான். எங்கப்பா ஜோசப் ஸ்டீல் கம்பெனில மாரடிச்சுத்தான் என்னை நர்சிங் அசிஸ்டெண்ட் படிக்க வச்சாரு. இப்ப அவரு படுத்த படுக்கை. எங்க ஊட்ல அடுப்பு எரியணும்னா என் ரெண்டு கைதான் ஓடணும்.

நான் வேலைக்குச் சேந்த முதியோர் இல்லம் ஒரு பழைய குடோன். தகரக் கூரை. உள்ள போனா பகல்லயே இருட்டிக் கெடந்துச்சு. மூத்திர வாடை, பினாயில் வாடை. அதுக்கடியில இன்னொரு வாடை. பழுக்கக் காய்ச்சுன இரும்பு வாடை. அப்பா சட்டைல வருமே, அதேதான். இங்க எப்படி வந்துச்சுன்னு புரியல.

அங்க ரொம்ப நாளா இருக்கிற சுமலதாக்கா எனக்கு வார்டச் சுத்திக் காட்டுனாங்க. கடைசில, மெத்தையச் சுருட்டி வச்சிருந்த ஒரு காலிக் கட்டிலாண்ட நின்னுட்டாங்க.

"ஜெபா, இந்தப் பக்கம் வரும்போது மட்டும் கைல க்ளவுஸ் போடாத."

"இன்னாக்கா சொல்ற? பக்கத்துக் கட்டில்ல முத்தம்மா ஆயாவுக்கு முதுகு முழுக்க படுக்கைப்புண்ணு. சீழ் ஊத்துது. வெறுங்கையால தொடைக்கச் சொல்றியா?"

"தொடைச்சிட்டு சோப்பு போட்டுக் கழுவிக்க."

"கழுவிட்டு அதே கையால அடுத்தவருக்குக் கஞ்சி ஊட்டணுமா? ஒருத்தர் புண்ணு வார்டு பூரா பரவும்க்கா. நல்ல ஆளு போ நீ!"

திருப்பித் திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. அந்தக் காலிக் கட்டில ஒரு பார்வை பாத்துட்டு, குரலக் கொறச்சு, "சொன்னாக் கேளுடி"ன்னாங்க.

நான் எங்க கேட்டேன்? படிச்ச கொழுப்பு.

மத்தியானம் கரண்ட் போச்சு. அக்கா சாப்பாடு எடுக்கப் பின்னால போனாங்க. நான் என் பையிலேருந்து புது க்ளவுஸ எடுத்து மாட்டிக்கினு, முத்தம்மா கெழவிய ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பஞ்ச நனைச்சேன். என் முதுகுக்குப் பின்னாலதான் காலிக் கட்டில்.

அதோட கம்பி லேசா ஆடுச்சு.

எலின்னு நெனச்சேன்.

மறுபடி ஆடுச்சு. கட்டிப் போட்ட கைய யாரோ வெடுக்கு வெடுக்குனு இழுக்கிற சத்தம். அந்த இரும்பு வாடை குப்புனு ஏறுச்சு.

கெழவி கண்ணத் தொறந்து என் கையவே பாத்துச்சு. "கழட்டுடி"ன்னு முணுமுணுத்துச்சு. "வந்துட்டான். கழட்டு."

வலது க்ளவுஸுக்குள்ள சூடா ஏதோ பட்டுச்சு.

மூச்சு.

என் உள்ளங்கைல, ரப்பருக்கும் தோலுக்கும் நடுவுல, ஈரமா ஒரு ஒதடு அசைஞ்சுது.

அப்புறம் பல்லு.

"ஐயோ ஏசப்பா!"ன்னு கத்துனேன். நாய் எலும்பக் கடிக்கிற மாதிரி நறுக்கு நறுக்குனு கடிச்சான். கைய ஒதறுனேன், அவன் உடவேயில்ல. அப்படியே இழுத்துக் காலிக் கட்டில் கம்பில மோதுனான். திரும்பத் திரும்ப மோதுனான். மணிக்கட்டுல படக்குனு எலும்பு ஒடஞ்சுது. என் நெத்தி கம்பில பட்டுப் பொளந்துச்சு. க்ளவுஸ் ரத்தம் ரொம்பி பலூனா உப்புச்சு. வெளிய ஒரு கிழிசல் இல்ல. உள்ள மட்டும் மென்னுக்கினே இருந்தான்.

சுமலதாக்கா ஓடியாந்து, கத்திரிய எடுத்து மணிக்கட்டாண்டயே க்ளவுஸ வெட்டுனாங்க. ரத்தம் கொட்டுச்சு. அதோட என் சுண்டுவிரல் நுனியும் தரையில வுழுந்துச்சு.

கம்பி ஆடுறது நின்னுச்சு.

ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போறப்பதான் அக்கா அழுதுக்கினே சொன்னாங்க. குப்புராஜுன்னு, இரும்பு காய்ச்சி உருட்டுற ரோலிங் மில் ஆளு ஒருத்தரு அந்தக் கட்டில்ல இருந்தாராம். மூக்குல போட்ட டியூப அடிக்கடி புடுங்குறாருன்னு, தணிகைவேல்னு அப்ப இருந்த அட்டெண்டர் அவரு ரெண்டு கையையும் கட்டில் கம்பில கட்டிட்டானாம்.

"நாள் பூரா கத்துனாரு. இவன் க்ளவுஸ் போட்ட கையால வாய அமுக்கிட்டான். அவரு கடிக்கப் பாத்தாரு, ரப்பர்தான் பல்லுல மாட்டுச்சு. இவன் இன்னும் அமுக்குனான். மூச்சு நின்னே போச்சு."

"தணிகைவேல் இன்னா ஆனான்?"

"மறுநாளு க்ளவுஸ் மாட்டுனான். உள்ள இருந்த கையக் கொதறிடுச்சு. மணிக்கட்டோட எடுத்துட்டாங்க."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"சொன்னா இந்த வேலைக்கு எவடி வருவா?"

ஆஸ்பத்திரில அவசரத்துக்கு வெறுங்கையாலயே கட்டு போட்டுப் படுக்க வச்சாங்க. எப்படியோ அந்தக் கட்டில உட்டுத் தூரமா வந்துட்டோம், தப்பிச்சோம்னு நெனச்சேன். ரெண்டே நாள்ல கடிபட்ட எடம் சீழ் புடிச்சு, கை வீங்கி மினுமினுன்னு ஆயிடுச்சு. நர்மதான்னு ஒரு டாக்டர் வந்து பாத்தாங்க. "உடனே கிளீன் பண்ணாத்தான் கை பொழைக்கும்"னு சொல்லிட்டு க்ளவுஸ் பாக்கெட்டப் பிரிச்சாங்க.

"மேடம், வேணாம்! வெறுங்கையால பண்ணுங்க மேடம், உங்க கால்ல உழுறேன்!"

அவங்க சிரிச்சாங்க. "நர்சிங் அசிஸ்டெண்ட் பேசுற பேச்சாம்மா இது?"

வார்டுல இரும்பு வாடை அடிச்சுது.

அவங்க க்ளவுஸ் மாட்டி என் மேல குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. தன் உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாங்க. வெள்ளை ரப்பருக்குள்ள செவப்பு பரவுச்சு. அப்புறம் அவங்க போட்ட அலறல் இன்னும் என் காதுல இருக்கு.

அன்னைலேருந்து யாரும் என் கட்டிலாண்ட வரல. சீழ் முழங்கைக்கு ஏறிடுச்சு. கைய எடுத்தாகணும்னு பெரிய டாக்டர் தூர நின்னே சொல்லிட்டாரு. காலைல ஆபரேஷன். எல்லாருமே க்ளவுஸ் மாட்டிக்கினு என்னைச் சுத்தி நிப்பாங்க.

மயக்க ஊசி போட்டுட்டா, கழட்டுங்கன்னு கத்தக்கூட என்னால ஆவாது.