பதில் வணக்கம்

கோபே நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலைக்கு மாதம் ஒரு ஞாயிறு போவது எங்கள் வழக்கம். ஹருயே, மிட்சுயோ, நான். ஒரே பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருஷம் ஒன்றாக வெந்தவர்கள். மலைக்கு வந்தாலும் ஹருயேவின் வாய் அரைத்துக்கொண்டேதான் இருக்கும்.

நவம்பர் மாதம். மேப்பிள் இலைகள் சிவந்து கிடந்தன. காலை பத்து மணிக்கு மேலேயிருந்து ஐந்தாறு பேர் வரிசையாக இறங்கி வந்தார்கள். மலையில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் யாரும் போவதில்லை. அவர்கள் சொன்னார்கள், நானும் மிட்சுயோவும் பதில் சொன்னோம். ஹருயேவுக்கு வாய் நிறையச் சோற்று உருண்டை. தலையைக்கூட ஆட்டவில்லை.

அவர்கள் கடந்துபோனதும் ஈர மண் வாடை அடித்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

அதன்பிறகு இறங்கி வந்தவர்கள் எல்லோரும் எங்கள் இருவருக்கு மட்டுமே வணக்கம் சொன்னார்கள். ஹருயே முந்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

"பீப்பா மாதிரி நிக்கிறேன், நானா கண்ணுக்குத் தெரியலை?" என்றாள். சிரித்தோம்.

ஐந்தாவது ஆளுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"தோமிக்கோ, நான் இருக்கேனாடி?" என்று என்னைக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உடனே இறங்கிவிடலாம் என்றேன்.

வளைவில் ஓர் இளைஞன் கீழிருந்து ஏறி வந்தான். ஹருயேவைப் பார்த்து வணக்கம் சொன்னான். அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. நானும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் நேராக என்மேல் வந்துவிட்டான்.

என் தோளுக்குள் புகுந்து, முதுகு வழியாக வெளியேறி நடந்துபோனான்.

எங்களுக்கு வணக்கம் சொன்னவர்கள் யாரென்று அப்போது புரிந்தது.

ஹருயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தேடினாள். "மிட்சுயோ? தோமிக்கோ? விளையாடாதீங்கடி."

அவள் கை இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

எங்களை நாய்களோடு மூன்று நாள் தேடினார்கள். பக்கத்திலேயே நின்று கத்தினோம். தொண்டை வறண்டதுதான் மிச்சம். எது சொன்னாலும் உயிரோடிருப்பவர்களுக்குக் கேட்காது.

வணக்கம் மட்டும் கேட்கும்.

அது போன மாதம்தான் தெரிந்தது. தனியாக ஏறி வந்த ஒருவருக்கு மிட்சுயோ பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் நின்று பதில் சொன்னார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார், மனைவி பெயரைச் சொல்லி அழுதபடி. அன்றிலிருந்து யார் வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறோம்.

இன்று ஹருயே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வளைவில் வெள்ளைச் சாமந்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"உங்களை விட்டுட்டு நான் மட்டும் இறங்கிட்டேனே," என்றாள். பிறகு மெதுவாக, "குளிருதாடி?" என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அவள் எழுந்து வீட்டுக்குப் போனால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். மிட்சுயோவின் உதடு துடித்தது. எட்டி அவள் வாயை இறுகப் பொத்தினேன்.

"வணக்கம்."

என் குரல்.

ஹருயே சட்டென்று திரும்பினாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள். முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தாள்.