தகரத்துண்டுக் கசம்

வீரம்மா தோளுக்குப் பின்னால் வீசிய ஆணி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தேயிலைக் கொழுந்தெடுக்கிற கை அது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிந்தே பத்து வயதிலிருந்து பழகியது. கந்தப்பளைத் தோட்டத்து அடிவாரத்தில் ஆறு தேங்கும் கசத்தில், மார்பளவுத் தண்ணீரில், கூடையில்லாமல் நிற்கிறோம் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

தோட்டத்துத் துரை இங்கே தூண்டில் போட வந்து வெள்ளிக் கடிகாரத்தைத் தொலைத்தான். பழி பங்களா வேலைக்காரன் செல்லசாமிமேல், வீரம்மாவின் புருஷன்மேல். “ஆத்துலதான் விழுந்துச்சு” என்று அழுதவனைக் காலையிலிருந்து தேயிலை ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாலுமணிச் சங்குக்குள் கடிகாரம் வராவிட்டால் பொலிஸ். குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். யுத்தத்தில் கண்ணிவெடி தேடிய கருவியைத் துரை பெருந்தன்மையாகக் கொடுத்தனுப்பியிருந்தான். தண்ணீருக்குள் இறங்க மட்டும் திருடன் பெண்டாட்டி.

கணக்கப்பிள்ளை சூசைரட்ணம் ஈரம்படாமல் பாறைமேல் நின்று, காதுக்குழல்களை மாட்டிக்கொண்டு, நீண்ட கழியின் நுனித்தட்டால் நீரைத் துழாவினார். ஊளைச் சத்தம் வந்த இடத்தைக் காட்டுவார். அவள் முங்கி, அலவாங்குக் கம்பியால் கல்லை நெம்பி, இடுக்கில் கைவிட்டு, மணலை விரல்களால் விசிறி, கலங்கல் தெளியும்வரை பல் கிட்டக் காத்திருந்து எடுப்பாள். கனமானது எதுவும் மேலே தங்காது, அடிப்பாறைவரை இறங்கிவிடும்.

“இன்னும் அடியில கைய வுடு புள்ள. குளிக்கவா வந்த?”

“நீங்களும் எறங்குங்கய்யா. வெந்நி மாதிரி இருக்கு.”

அடுத்து வந்தது வட்டமான ஒரு தகரம். அதில் எண்கள், ஒரு துளை. துளையில் கோத்திருந்த நூல், நேற்று முறுக்கியது போல வெள்ளையாக இருந்தது.

“என்னாங்கய்யா இது?”

“அந்தக் காலத்துத் துண்டு. இந்தியாவுலருந்து வந்தவங்களுக்கு, எந்தத் தோட்டத்துக்குன்னு கழுத்துல கட்டி வுடுறது.”

“கட்டுனவங்க எங்க?”

“வழியில வாந்திபேதி. தூக்க முடியாதவங்கள ஆத்தோரமே வுட்டுட்டு நடந்திருப்பாங்க. அத வீசிட்டுத் தேடு.”

பாட்டன் எந்த வருஷம் வந்தான், காகிதம் எங்கே என்று பிரஜாவுரிமைக்காக இப்போது லயம் லயமாகக் கேட்கிறார்கள். காகிதமா கொடுத்தார்கள்? தகரம் கொடுத்தார்கள். அது கல்லுக்கடியில் கிடக்கிறது.

வீசினாள். சத்தமில்லை.

அதே இடுக்கில் இன்னொன்று. இன்னும் ஒன்று. ஐந்து. ஒன்பது. மூடுபனி தேயிலை நிரையிலிருந்து இறங்கி நீரைத் தொட்டது. பாசி வாசனை போய், நோயாளி படுத்த கந்தல்துணியின் வாடை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு வீச்சுக்கும் முதுகு கொஞ்சம் தாழ்ந்தது. கூடை நிறைய நிறைய நெற்றிக் கயிறு இழுக்குமே, அந்த இழுப்பு. குளிர்தான் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நேரமில்லை. பயம்.

விரலில் வழுவழுப்பாக ஒன்று பட்டது. சங்கிலி.

“கெடச்சிருச்சுங்கய்யா.”

கடிகாரத்தை உயர்த்தினாள். சூசைரட்ணம் அதைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். காதுக்குழல்களை மெதுவாகக் கழற்றினார். கழி நழுவியது.

“தூக்கி வுடுங்கய்யா. முட்டி மடங்குது.”

அவர் குனிந்தார். கை நீட்டினார். கடிகாரத்தை மட்டும் அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டார்.

“செல்லசாமிய வுடச் சொல்றேன்.” பாதி மலை ஏறிய பிறகு, திரும்பாமல் சொன்னார்.

சங்கு ஊதியது.

இடுப்பில் இரண்டு சின்னப் பாதங்கள் ஊன்றின. இன்னும் கொஞ்சம் மேலே ஏறின. ஈரக் கன்னம் ஒன்று அவள் பிடரியில் சாய்ந்து, நிம்மதியாக மூச்சுவிட்டது.

சுற்றிலும் தண்ணீருக்குள், கழுத்தில் தகரத்தோடு, இன்னும் ஏறாதவர்கள் வரிசையில் நின்றார்கள்.