சர்க்கரை போடாத தேநீர்

"தூ...! இது டீயா, வாய் கொப்பளிக்கிற தண்ணியா?"

சுகினெம் தம்ளரைத் தள்ளிய வேகத்தில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. சோலோ நகரத்தில் ஒருவருக்குச் சர்க்கரையில்லாத தேநீர் கொடுப்பதும் வாசலோடு திருப்பி அனுப்புவதும் ஒன்றுதான். மருமகள் பார்த்தினா அதை அறியாதவளா?

"நேத்து சீட்டுப் பணம் கட்ட வந்த நம்ம தெருப் பொம்பளைங்களுக்கும் இதையே ஊத்திக் கொடுத்தியே! என் மானமே போச்சுடி!"

"உங்களுக்கு மட்டும் தனியா கொடுத்தா மனசு நோகுமேன்னுதான் அத்தை..."

மாமியாரின் கால் விரலில் புண், மாதக்கணக்காக ஆறவில்லை. "ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே போனா, கிருமியோட சண்டை போடுற சக்தி மந்தமாயிடும்மா. இப்படியே விட்டா விரலையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்ன அன்றே பார்த்தினா வீட்டில் சர்க்கரையை நிறுத்தினாள். தனக்கும் சேர்த்துத்தான். இத்தனைக்கும் அவள் ஓர் இனிப்புப் பைத்தியம்!

கல்யாணமாகி வந்த புதிதில், மிரண்டு நின்றவளை இதே அத்தைதானே அடுப்படிக்கு அழைத்துப்போய், கெட்டித் தேநீரில் கல்கண்டு போட்டு, அது கரையும்வரை பேச்சுக் கொடுத்தாள்? "அம்மாவை நினைச்சு அழணுமா? குடிச்சுட்டு அழுடி." அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நாட்கள்தான் எங்கே போயின!

மத்தியானம் நாத்தனார் யாத்மி வந்து நின்றாள்.

"அம்மா வாயைக் கட்டிப் போட்டா புண்ணு எப்படி அண்ணி ஆறும்? நான் கூட்டிட்டுப் போறேன்!"

பார்த்தினா அத்தையின் துணிகளைப் பையில் அடுக்கினாள். பிறகு, வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து புண்ணின் கட்டைப் பிரித்தாள். நாற்றம் குப்பென்று வந்தது. யாத்மி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

"சீக்கிரம் ஆகட்டும்மா... உனக்குப் பனைவெல்ல உருண்டை கொண்டாந்திருக்கேன். போன வாரம் கொடுத்தது தீர்ந்துடுச்சுல்ல?"

பார்த்தினாவின் கை அப்படியே நின்றது. அத்தையை அண்ணாந்து பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

சுகினெம் உடைந்துபோனாள். "தலையணைக்கடியில ஒளிச்சு வச்சுத் தின்னேன்டி... தின்னது நான், பழி சுமந்தது நீ!"

"அம்மா, கிளம்பும்மா..."

"மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற வீட்டுக்கா? நான் வரல! விரல் போனாலும் இவ கையிலேயே போகட்டும்!"

"விரலும் போகாது, நீங்களும் எங்கயும் போக மாட்டீங்க அத்தை!"

பார்த்தினா அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுகினெம் குனிந்து அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள்.