எதிர்காற்றில் அவன் முறை

காலை பத்து மணிக்கு அந்தப் பிரிவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, குழாய் பதிக்கப் பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற வேலையாள், "குவாரி வழியா போயிடுங்க, அதுதான் கிட்ட" என்றான்.

சைக்கிள் குழுவின் கோச் தடுப்பையும் குவாரிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு வருஷமாக அவள் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதில்லை.

வந்த வழியே திரும்பினால் முப்பது கிலோமீட்டர். கூட ஐந்து பிள்ளைகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தண்ணீரும் பாதிக்கு மேல் காலி. ஐந்து பேரில் ஒருத்தி அவளுடைய அக்காவின் பெண். பன்னிரண்டு வயது, வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். "உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்று அக்கா காலையில் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

"சரி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க. எதிர்காத்து இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் முறை."

முறை என்பது அந்தக் குழுவின் சட்டம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். அவர் மறைவில் மற்றவர்கள் அலுங்காமல் மிதிப்பார்கள். ஐந்து நிமிஷம் ஆனதும் அடுத்த ஆள் ஒரு தடவை மணி அடிக்க வேண்டும். முன்னால் இருப்பவர் ஒதுங்கி, பிள்ளைகளின் வரிசையில் கடைசிக்கு வந்துவிட வேண்டும். கோச் மட்டும் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்.

சட்டம் போட்டவளே ஒரு நாள் அதை மீறினாள். அப்போது குழுவில் ஒரு பையன் இருந்தான். எவ்வளவு காற்று அடித்தாலும் அசரமாட்டான் என்பதால் எஞ்சின் என்று பெயர். அன்றைக்கு மழை துரத்தியது. "யாரும் மணி அடிக்காதீங்க, அவனே இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நாற்பது நிமிஷம் இழுத்தான். கண் இருட்டியிருக்க வேண்டும். குவாரி வளைவில் அவன் திரும்பவே இல்லை, நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டான். விபத்து என்று எழுதினார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

குவாரி சாலையில் காற்று முகத்தில் அறைந்தது. முதல் முறை எனக்குத்தான் என்று அடம்பிடித்து வாங்கிய குருவிக்கு இரண்டு நிமிஷத்தில் நாக்குத் தள்ளியது.

பிறகு காற்று நின்றது.

நின்றது என்றும் சொல்ல முடியாது. சாலையின் இரண்டு பக்கமும் புல் படுத்துக் கிடந்தது, மரங்கள் வளைந்து ஆடின. குருவியின் பின்னல் மட்டும் அசையாமல் முதுகில் தொங்கியது.

"சித்தி, மிதிக்கவே வேண்டாம் போல இருக்கு" என்று அவள் சிரித்தாள். மற்ற நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கோச் சிரிக்கவில்லை. எதிர்காற்றில் இப்படிச் சுகமாகப் போக முடிவது எப்போது என்று அவளுக்குத் தெரியும். முன்னால் ஒரு ஆள் போகும்போது.

குருவிக்கு முன்னால் வெறும் சாலை.

செயின் ஓடும் சத்தம் கேட்டது. எண்ணெய் காய்ந்து கரகரக்கும் செயின். பிள்ளைகளின் சைக்கிள்களுக்கெல்லாம் அவள் நேற்றுத்தான் எண்ணெய் விட்டிருந்தாள். மழையில் நனைந்த மண் வாடை வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

வேகம் கூடிக்கொண்டே போனது.

"குருவி, மெதுவா போ."

"நான் எங்க சித்தி போறேன்? முன்னாடி போறவன் பின்னாடி போறேன்." தூக்கத்தில் பேசுகிற குரல்.

வளைவு வந்தது. சாலை திரும்பியது.

குருவியின் சக்கரம் திரும்பவில்லை.

கோச் எழுந்து நின்று மிதித்தாள். நாலு பிள்ளைகளைத் தாண்டினாள். என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நாலு வருஷமாக அவளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது அதுதான்.

ஒரு தடவை மணி அடித்தாள்.

"போதும்ப்பா" என்றாள். "மாறிக்கோ."

காற்று திரும்ப வந்து அறைந்தது. குருவி தடுமாறிப் புல்லில் விழுந்தாள். அவளுடைய முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. கோச் அவளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள்.

பிரேக் போட்டு நின்ற பிள்ளைகளின் பக்கமாக அந்தச் செயின் சத்தம் மெதுவாகப் பின்னால் போனது. அது தாண்டத் தாண்ட ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டப்படி, கடைசிக்குத்தான் போனது.

மறுபடி கிளம்பியபோது கோச்சுக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் அளவு இடம் காலியாக இருந்தது. அவள் நெருங்கிப் பார்த்தாள். அந்த இடம் குறையவில்லை. அவள் முகத்தில் காற்றும் படவில்லை.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்து பிள்ளைகள், இருபத்தைந்து நிமிஷம். அதற்கப்புறம் அவன் முறை. ஊருக்கு அரை மணி நேரம். ஊருக்கு முன்னால் கைப்பிடி இல்லாத பாலம்.

ஐந்தாவது பிள்ளை முன்னால் இரைத்துக்கொண்டே கேட்டான், "கோச், என் முறை முடிஞ்சுது. அடுத்து யாரு?"

இந்தப் பையனையே இழுக்கவிட்டால் அதே பாவம். ஒதுங்கச் சொன்னால் எஞ்சின் முன்னால் வந்துவிடுவான்.

ஒரு தடவை மணி அடித்தது. பிள்ளைகள் யாருடைய கையும் மணியில் இல்லை.

"நான் வரேன்" என்று கோச் முன்னால் பாய்ந்தாள். பாலத்தைத் தாண்டினார்கள், ஊர் வந்தது. மூன்று தடவை மணி அடித்தும் அவள் ஒதுங்கவில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்டாள். அக்கா கதவைத் திறந்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

உள்ளே போகும்போது குருவி மெல்லச் சொன்னாள், "பாவம் சித்தி அவன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கான். முன்னாடி விட்டுடுங்க."

அங்கிருந்து கோச் தனியாகக் கிளம்பினாள். எதிர்காற்று குறையவில்லை. தோள் மரத்துவிட்டது, கண் இருட்டியது. பின்னால் மணி, பொறுமையாக, ஒரே ஒரு தடவை. அவன் கேட்பது நியாயமான முறை. அதை ஒரு தடவை அவனுக்கு மறுத்தவள் அவள்.

அவள் ஓரமாக ஒதுங்கினாள். கரகரவென்று அது தாண்டிப் போனது.

காற்று நின்றது.

அவள் வீட்டுத் தெரு வந்தது. சக்கரம் திரும்பவில்லை.