நூற்றுக்கு இரண்டு புள்ளி ஏழு

இளம்பரிதியின் மரணத்தில் மிர்துளாவின் பங்கு நூற்றுக்கு 2.7 என்று பொறுப்பளவி காலை பத்தே காலுக்குத் தெரிவித்தது.

அதே நிமிடத்தில் மணற்குடி விமானத்தளம் முழுக்கக் கைபேசிகள் ஒலித்தன. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எறியிருக்கையைச் செய்த ஆலையின் மேலாளர், அதை வாங்கச் சொன்ன குழுவினர், பராமரிப்புப் பிரிவினர், அன்றைக்கு வானிலை சொன்னவர் என்று போய், காலைப் பலகாரத்தைப் பத்து நிமிடம் தாமதமாகப் பரிமாறிய சமையல்காரர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு எண். சமையல்காரருக்கு 0.02. அவர் அதை மூன்று முறை படித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு மேசை எண்களைக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் நான்கு வாரமாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்ததை மிர்துளா பார்த்தாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ரேடார் பிரிவுக்காரர், "உங்களுக்கு எவ்ளோ?" என்றார். சொன்னாள். "பரவால்ல, விடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குமேல் பேச அவளுக்கும் அங்கே ஆள் இல்லை. எறியிருக்கைகளைச் சோதிக்கும் இருபத்து மூன்று வருட வேலையில் அவள் நெருக்கமாகப் பழகியதெல்லாம் இருக்கைகளோடும் பாராசூட்டுகளோடும்தான். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து, மூன்றே வருடத்தில் முடிந்தும் போயிருந்தது.

பொறுப்பளவி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பெல்லாம் போர்விமானம் விழுந்தால் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் மேசை மாறும். கடைசியில் ஸ்பேனர் பிடித்த கடைநிலை ஆள் ஒருவன் தலையில் எல்லாம் விடியும். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் இந்த இயந்திரம். விமானத்தின் ஒவ்வொரு உறுப்பிலும் கடுகளவு சாட்சிச்சில்லு ஒன்று இருக்கும். யார் தொட்டார்கள், யார் கையெழுத்திட்டார்கள், யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் அது வைத்திருக்கும். விபத்து நடந்ததும் பொறுப்பளவி அவற்றையெல்லாம் படித்துப் பங்கு பிரிக்கும். பத்துக்கு மேல் போனவர்மீது வழக்கு. பத்துக்கு மேல் போன பொருளுக்குத் தடை. சட்டம் அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளில் பதினேழு விமானங்கள் விழுந்திருந்தன. ஆளோ பொருளோ, இதுவரை எதுவும் பத்தைத் தாண்டவில்லை.

இளம்பரிதிக்கு இருபத்தெட்டு வயது. கடலுக்கு மேலே என்ஜின் நின்றதும் முறைப்படி கைப்பிடியை இழுத்திருக்கிறான். மேல்மூடி பறந்தது. இருக்கை எழும்பவில்லை. இருக்கையைத் தூக்கி எறிய வேண்டிய வெடிமருந்துக் குப்பி வெடிக்கவில்லை. திறந்த விமானத்தில், காற்றில், பதினோரு விநாடி அவன் அந்தக் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இழுத்ததைச் சாட்சிச்சில்லு பதிந்து வைத்திருந்தது.

அந்தக் குப்பியை விபத்துக்கு நாற்பது நாள் முன்பு மிர்துளா கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். கழுத்தோரம் நகப்பிறை அளவுக்குப் பச்சையாக ஒரு கறை. உள்ளே ஈரம் போயிருக்குமோ என்று தோன்றியது. படிவத்தில் 'ஐயம்' என்று குறித்தாள். பொருள்களின் ஆயுளைச் சொல்லும் ஆயுள்கணிப்பி உடனே பதில் தந்தது: குப்பி நலம், இன்னும் பதினான்கு மாதம் தாங்கும். உங்கள் ஐயத்துக்கு அளவீடு ஏதும் உண்டா? அவளிடம் அளவீடு இல்லை. கண் மட்டும்தான் இருந்தது. ஒப்புதலுக்கு விரல்ரேகை வைத்தாள். அந்த வாரம் அது அவளுடைய ஒன்பதாவது ஐயம். பத்தானால் மறுபயிற்சிக்கு அனுப்புவார்கள்.

மதியம் விங் கமாண்டர் அஸ்வத்தின் அறைக்குப் போனாள். திருநெல்வேலிக்காரர். யாரையும் அதட்டிப் பேசாதவர்.

"சார், அதே தொகுதிக் குப்பிதான் மத்த பதினோரு விமானத்துலயும் இருக்கு. எடுத்துரணும்."

"தெரியும் மிர்துளா. குப்பியோட பங்கு ஆறு புள்ளி ஒண்ணு. பத்து வந்தாத்தான தடை போட முடியும்?"

"நீங்க சொன்னா நிறுத்தலாம் இல்லையா சார்?"

"நான் சொல்லி நிறுத்தி, குப்பி நல்லா இருந்துச்சுன்னா, அது தனிக் கேஸு. அதுல முழுப் பங்கும் எனக்குத்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கும் மூணு புள்ளி ஒம்பது வந்திருக்கு. நானும் தூங்கலை."

தன் பங்கு பத்தைத் தாண்டினால் வழக்கு நடக்கும், வழக்கில் குப்பியைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மேல்முறையீட்டில் கறையைக் கண்டது, பயந்து விரல் வைத்தது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. 'மனுதாரர் ஐயத்தை நேர்மையாகப் பதிந்துள்ளார். அமைப்பு அதை ஏற்கவில்லை. திருத்திய பங்கு: 1.9.'

அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேராவூரணிக்குப் போனாள்.

இளம்பரிதியின் அப்பா செந்தில்நாதன் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன். அவள் போனபோது கூடத்துத் தரையில் காகிதங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். முந்நூற்றுப் பதினெட்டு வருத்தக் கடிதங்கள். பெயரும் எண்ணும் தவிர எல்லாம் ஒரே வாசகம்.

"நீங்க எந்த நம்பரும்மா?" என்றார்.

"ரெண்டு புள்ளி ஏழு. இப்ப ஒண்ணு புள்ளி ஒம்பதாக் கொறைச்சிட்டாங்க."

அவர் தேடி அவள் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"ரெண்டாயிரத்து முப்பத்தெட்டுல பட்டுக்கோட்டை ரோட்டுல என் வண்டியில ஒருத்தர் அடிபட்டு எறந்துட்டாரு. தப்பு என்னுதுதான். கோர்ட்டு வாசல்ல அவரு தம்பி எல்லாருக்கும் முன்னாடி என்னைக் கன்னத்துல அறைஞ்சாரு. போலீஸ் புடிக்கப் போச்சு, நான்தான் விடுங்கன்னேன். அவருக்கு அடிக்க ஒரு ஆளு இருந்துச்சு பாருங்க." கடிதங்களைக் கையால் காட்டினார். "இதுல நான் யாரைன்னு போயி அறையறது?"

"என்னை அறைங்க ஐயா. அந்தக் குப்பியில கறை இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் கை எழவில்லை.

"மத்த ப்ளேன்லயும் அதுதான் இருக்கா?"

"ஆமாங்கய்யா."

"இன்னும் பறக்குதா?"

"பறக்குது."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். குரல் உயரவில்லை. "என்கிட்ட சொல்லிட்டு நிம்மதியாப் போவலாம்னா? போங்கம்மா. எந்திரிங்க."

அவள் எழுந்து வந்தாள். திரும்பும் பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு விமானக் கொட்டகையில் வேலை இருக்காது. வாசல் காவலர் அவளைப் பார்த்து வழக்கம்போல வணக்கம் வைத்தார். உள்ளே பதினோரு விமானங்கள் வரிசையாக நின்றன. தகரக்கூரை வெயிலில் சடசடத்தது.

வெறுமனே கழற்றி வைத்தால் போதாது. ஆயுள்கணிப்பி நலம் என்று சொல்லித் திங்கட்கிழமையே திரும்பப் பூட்ட வைத்துவிடும். அதனால் ஒவ்வோர் இருக்கைக்கும் முதலில், தவறி வெடிக்காதபடி காப்பு ஊசியைச் செருகினாள். குப்பியைக் கழற்றினாள். மூடியைத் திருகி எடுத்து, உள்ளிருந்த மருந்தை உப்புநீர்த் தொட்டியில் கொட்டினாள். இரண்டு விரலால் செய்யும் வேலை. அவசரப்பட்டால் விரல் இருக்காது. முதல் மூன்று குப்பிகளில் மருந்து மணல்போலச் சரிந்து விழுந்தது. ஒருவேளை தான்தான் தவறோ என்று அவளுக்குத் தோன்றியது.

நான்காவது குப்பியைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. தட்டினாள். பழைய வெல்லம்போல் கட்டிதட்டி, ஓரமெல்லாம் பச்சை பூத்து, ஒரே உருண்டையாக உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காட்ட வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும் என்று வாய் திறந்தது. கொட்டகையில் யாரும் இல்லை. கூரைக் கேமரா அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எடுத்துப்போய் மேசையில் வைத்தால் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மூடி திறந்தபின் உள்ளே இருக்கும் எந்த ஈரமும் அவள் கை ஈரம்தான். திறக்காமல் விட்டால் நலம். திறந்தால் அவள் கெடுத்தது. உருண்டையைத் தொட்டியில் போட்டாள். மீதி ஏழு குப்பிகளில் இன்னும் இரண்டு அப்படி இருந்தன. அவற்றைக் கண்ட கண்கள் உலகத்தில் அவளுடைய கண்கள் மட்டும்தான்.

மூன்றே கால் மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு அஸ்வத்துக்குத் தானே போன் செய்தாள்.

அந்த வழக்கில் பொறுப்பளவிக்குச் சிரமமே இருக்கவில்லை. பதினோரு விமானங்களைச் செயலிழக்கச் செய்தவர் ஒருவர்; ஏவியவர் இல்லை; தடுத்திருக்கக் கூடியவர் இல்லை. பங்கு: 100. ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக இயந்திரம் ஒரு பொறுப்பாளியைக் கண்டுபிடித்துவிட்டது என்று செய்திகளில் சொன்னார்கள்.

அது அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, புதிய தரவு வந்திருப்பதால் இளம்பரிதி வழக்கைப் பொறுப்பளவி தானாகவே மறுபடி எடுத்தது. ஒரு விமானத்தைத் தனியொருத்தியாக நிறுத்தும் திறமையும் துணிவும் மிர்துளாவுக்கு உண்டு என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் விபத்துக்கு நாற்பது நாள் முன்பே அவள் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. திருத்திய பங்கு: 71. முதன்மைக் காரணம் மனிதர்; ஆகவே பொருளில் குறையில்லை. குப்பி செய்த ஆலைக்கே மறுபடியும் ஆர்டர் போயிற்று. மற்ற முந்நூற்றுப் பதினேழு பேரின் எண்களும் சுருங்கின. சமையல்காரருடையது பூஜ்யமாகிவிட்டது.

புதிய குப்பிகள் வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த எட்டு மாதமும் பதினோரு விமானங்களும் தரையில் நிற்கும். அதை நினைத்துக்கொண்டுதான் காவல் விடுதியில் மிர்துளா நாளைக் கழித்தாள். பார்க்க யாரும் வரவில்லை. அஸ்வத் ஒரு முறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதாகக் காவலர் சொன்னார். குற்றவாளியைப் பார்க்க வருபவர்களையும் பொறுப்பளவி வழக்கில் சேர்த்துப் பார்க்கும். விமானிகளுக்கும் அது தெரியும்.

ஏழாவது வாரம் செந்தில்நாதன் வந்தார். கையில் ஒரு துணிப்பை. பையில் நான்கு கொய்யாப்பழம். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க வந்திருக்கக் கூடாது ஐயா. உங்களையும் சேர்த்துரும்."

"என்னத்தைச் சேர்க்கும்" என்றார் அவர். பிறகு, "நெசமாவே கெட்டுப் போயிருந்துச்சா?" என்று கேட்டார்.

"மூணு கெட்டுப் போயிருந்துச்சு. கல்லு மாதிரி கட்டி. நான் பார்த்தேன்."

அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தலையை மெதுவாக ஆட்டினார். "மூணு பேரு" என்றார். கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

சட்டைப்பையில் அவருடைய கைபேசி ஒலித்தது. எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி எடுத்தாரல. என்னன்னு பாருங்கம்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் தர மனமில்லை. ஏதாவது விளம்பரம் என்று சொல்லிவிடலாம். அவர் காத்திருந்தார். நாற்பத்தாறு வயதில், கண்ணால் கண்டதற்கு மாறாக இன்னொரு தடவை சொல்ல அவளால் முடியவில்லை. வாய்விட்டே படித்தாள்.

"'வழக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்: செந்தில்நாதன், தந்தை. மகனின் பதினேழாம் வயதில் விமானப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து இட்டவர். இளம்பரிதியின் மரணத்தில் உங்கள் பங்கு: நூற்றுக்கு 0.3.'"

அவர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார். படிக்க முடியாத அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கம்மியாப் போட்டிருக்கு" என்றார்.

பார்வை நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.