ஐந்தாவது எலும்புபேசி

செவ்வாய்க் குடியிருப்பில் கோமதிநாயகம் காலையில் கண் விழித்ததும் காதுக்குப் பின்னால் விரலை அழுத்திப் பார்ப்பார். "கிள்ளை, மூன்று புள்ளி இரண்டு விழுக்காடு" என்று மண்டைக்குள் குரல் கேட்கும். அப்பாடா என்று எழுந்து பல் துலக்கப் போவார்.

கிள்ளை ஓர் எலும்புபேசி. மண்டையோட்டில் பதித்துவிட்டால் பேச்சு நேராக உட்செவியில் விழும். குடியிருப்பின் கோபுரத்தில் அலைவரிசைக்குப் பஞ்சம் என்பதால், மவுசு இறங்கி ஊரில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான பேர் வைத்திருக்கும் பேசிக்கு இணைப்பை வெட்டிவிடுவார்கள். அப்புறம் வேறு பேசிக்காக எலும்பைப் புதிதாகத் துளைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாள் குப்புறக் கிடக்க வேண்டும். கோமதிநாயகம் நான்கு முறை கிடந்துவிட்டார். ஐந்தாவது துளை போட்டால் தலைசுற்றல் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

"பூவைப் பேசின்னாங்க, ஊரே பூவை. மறு வருசம் சிள்வண்டுப் பேசி. பேசுறதுக்குத்தானே பேசி? இந்த ஜனங்களுக்கு என்னதான் கேடு?" என்று மனைவி செண்பகத்திடம் பொரிந்து தள்ளினார்.

"வீட்டுக்குள்ள கத்தி என்ன பிரயோசனம்? வெளிய போயி நாலு பேருகிட்ட சொல்லுங்க."

சொன்னார். தண்ணீர் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் தொண்டை வறளக் கிள்ளையின் அருமை பெருமைகளைச் சொன்னார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், "விடுங்கய்யா, உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது. இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க" என்று எரிந்து விழுந்தார்.

அவ்வளவுதான். அன்று மாலையே ஏழு பேர் மருத்துவமனையில் பெயர் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் கிள்ளை அறுபத்தோரு விழுக்காட்டைத் தொட்டது.

அந்த உற்சாகத்தில் நிறுவனம் 'புதுக்கிள்ளை'யை வெளியிட்டது. பழைய கிள்ளைகளுக்கு இணைப்பு மாத இறுதியோடு நின்றுவிடும் என்றும் அறிவித்தது.

"நான் சொல்லித்தானம்மா பாதி ஊரு வாங்குச்சு! எனக்கே வெட்டா?" என்று கோமதிநாயகம் மருத்துவமனையில் செவிலி இயந்திரத்திடம் கத்தினார்.

"ஆமாம் ஐயா. அந்த நன்றிக்காகத்தான் வரிசையில் உங்களுக்கு முதலிடம். குப்புறப் படுங்கள்."

மனிதகுலத்தையே வாய்க்குள் திட்டியபடி படுத்தார். துளைகருவி சுழலத் தொடங்கியது. சட்டென்று தலையைத் தூக்கினார்.

"ஏம்மா, புதுசுல என்னென்ன கலர் இருக்கு?"

"எலும்புக்குள் போவதை யார் பார்க்கப் போகிறார்கள், ஐயா?"

"பாக்க மாட்டாங்க. ஆனா என்ன கலருன்னு கேப்பாங்கல்ல?"