இரண்டுமே இடப்பக்கம்

"ஏங்க... உங்க டயரு என் கால உடைச்சிடுச்சுங்க!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. தமிழ்ச்செல்விக்குக் காது வரை சூடேறியது. சிதம்பரத்தில் ஏறும்போதே நடத்துனர் முறைத்துக்கொண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இப்போது முட்லூர் வளைவில் டிரைவர் போட்ட பிரேக்கில், அவள் கொண்டுவந்த இரண்டு டயரில் ஒன்று உருண்டுபோய் ஜன்னலோரம் இருந்தவனின் காலில் ஏறிவிட்டது.

அவன் காலைத் தேய்த்துக்கொண்டே டயரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். முள் முள்ளாக இருந்த அதன் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"மண்ணுல ஓடுற டயரு... தம்பிக்கு வண்டியா?"

போச்சு! டயர் விற்றவரும் இதையேதான் கேட்டார். டிக்கெட் கிழித்தவரும் கேட்டார். ஒரு பெண் டயர் வாங்கினால் அது தம்பிக்குத்தான் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

"ஏன், எனக்கா இருக்கக் கூடாதா? நான் கட்டுற ரேஸ் வண்டி, கோ-கார்ட். நான் ஓட்டப்போற கோ-கார்ட். ஆறு பேரு காலேஜ் டீமுல நாந்தான் கேப்டன். போதுமா?"

"போதும்ங்க... ஜாஸ்தியாவே போதும்."

சிரித்தான். உதட்டுக்கு முன்னால் கண்கள் சிரித்தன. அவனுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் ஐப்பசி மழை வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்களைத் தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்துவிட்டாள் செல்வி... அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டாள். கடலூர் வரை அவன் அந்த டயரை மடியிலிருந்து இறக்கவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சபாபதி வெல்டிங் பட்டறையைத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தேடிப் பிடித்துப் போனாள். அவளுக்கு முன்னால் அதே வாசலில் நுழைந்தான் அவன்!

"வாங்க கேப்டன்! சபாபதி எங்கப்பா. நான் அறிவழகன். சிதம்பரத்துல ஒரு வீட்டுக்கு இரும்பு கேட்டு மாட்டிட்டு வரேன்."

தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர்களுடைய வண்டி சமதரைக்குக் கட்டியது. முன்சக்கரம் சின்னது, சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்தது. மைதானத்தில் ஓட்டினால் ஒவ்வொரு குழியும் முழங்கை வரை வந்து குத்துகிறது. அடுத்த வாரப் போட்டியோ முழுக்க மண்பாதை. அதனால் முன்னால் இந்தப் பெரிய டயர், ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பர் இரண்டு, அவற்றைத் தாங்கப் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கை.

அந்தக் கையின் வரைபடத்தை நீட்டினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீங்களே வரைஞ்சதா?"

இவள் சண்டைக்குத் தயாரானாள்.

"கோணம் சுத்தமா இருக்குங்க. இப்பிடி யாரும் வரைஞ்சு குடுத்ததில்ல."

வாய் வரை வந்த சண்டை அப்படியே நின்றுவிட்டது. ஊர் திரும்பும் வரை அந்த வார்த்தையே காதில் ஓடிக்கொண்டிருந்தது... சே!

மூன்றாம் நாள் இரண்டு கைகளும் பேருந்தில் வந்து சேர்ந்தன. இடப்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கம் உட்காரவே இல்லை. திருப்பிப் போட்டால் ஷாக் அப்சார்பர் மாட்டும் காது அடியில் போய்விடுகிறது. இரண்டுமே இடப்பக்கக் கைகள்!

"கண்ணாடியில பாத்தா மாதிரி ஒண்ணு மாத்தி செய்யணும்னு தெரியாதா உங்களுக்கு?" போனில் கத்தினாள்.

"எழுதியிருந்தா செஞ்சிருப்பேன். ரெண்டுன்னு போட்டிருந்தீங்க, ரெண்டு செஞ்சேன்."

"எழுதியிருந்தேன்!"

"எழுதலைங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" போனை அணைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற டீம்காரன் அருண்குமார் நமுட்டுச் சிரிப்பு சிரித்தான். யாருடைய தப்பால் வண்டி நிற்கிறதோ அவர் போட்டியில் ஓட்டக் கூடாது... இது டீமுக்குள் போட்ட விதி. செல்வி உட்காராவிட்டால் அந்த சீட் அவனுக்கு. எட்டு மாதமாக அவள் கனவு கண்டுகொண்டிருந்த சீட்!

"நானே கடலூருக்குப் போய் அந்த வரைபடத்தப் பாத்துட்டு வரேன்" என்று மறுநாள் காலையிலேயே பைக்கை எடுத்தான்.

மதியம் தொங்கிய முகத்தோடு திரும்பினான். "தப்பிச்சிட்ட செல்வி. தாள் தொலைஞ்சு போச்சாம். கேப்டன் ஒழுங்காத்தான் எழுதியிருந்தாங்க, நாந்தான் கவனிக்கலன்னு அந்த வெல்டரே ஒத்துக்கிட்டாரு."

நேற்று அத்தனை உறுதியாக மறுத்தவன் இன்று ஏன் ஒத்துக்கொண்டான்? கைபேசியில் எடுத்து வைத்திருந்த வரைபடப் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். எழுதியதாக நினைத்த வரி... இல்லை. எங்கேயும் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார் இவன்? எனக்காகப் பழியை வாங்கிக்கொள்ள இவனை யார் கேட்டது? என் தப்பைச் சுமக்கக்கூட எனக்குத் தெம்பில்லை என்று நினைத்துவிட்டானா?

ஐந்து பேரையும் கூப்பிட்டாள். படத்தைக் காட்டினாள். "தப்பு என்னுது. சீட்டு அருணுக்கு." குரல் உடையாமல் சொல்லிவிட்டாள்.

"சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றான் அருண்குமார், ஒரு மாதிரியாகி.

அதற்கும் ஒரு முறை முறைத்துவிட்டு, அடுத்த பேருந்தில் கடலூருக்கு ஏறினாள்.

பட்டறையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. புதிதாகச் செய்த வலப்பக்கக் கைக்குச் செங்காவி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அறிவழகன், தொப்பலாக நனைந்து நின்றவளைப் பார்த்துப் பதறி எழுந்தான்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அந்த ஆளு... தப்பு அவுங்களுதுன்னா சீட்டு போயிடும்னு சந்தோசமா சொன்னாரு. எனக்குத் தாங்கல."

"சீட்டு போச்சு. உண்மைய நானே சொல்லிட்டேன். அடுத்த வருசம் எடுத்துக்குவேன், அது எம்பாடு. நீங்க யாரு என்னைக் காப்பாத்த?" கண் நிறைந்துவிட்டது. மழைதான் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்... "நேத்து போன்ல கத்துனது என் தப்பு. ஆனா பொய் உங்க தப்பு. இனிமே எனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"பொய் சொல்ல மாட்டேன்." தலை குனிந்தான். "அப்ப... ஒரு உண்மையச் சொல்லலாமா?"

"சொல்லுங்க!"

"அன்னிக்கு அந்த டயர மடியில வெச்சுக்கிட்டு வந்தப்ப... கடலூரு வரவே கூடாதுன்னு இருந்துச்சு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு செல்வி."

கேப்டன் போய்ப் பெயர் வந்துவிட்டது. அந்தக் கண்கள் இப்போது சிரிக்கவில்லை, பயந்து போயிருந்தன.

"இத நேத்தே போன்ல சொல்றதுக்கு என்னா?"

"நீங்க வெச்சிட்டீங்களே..."

"பேசாதீங்க! முதல் ரெண்டையும் கண்டக்டர்கிட்டதான குடுத்து விட்டீங்க? இந்தக் கையையும் அப்பிடியே குடுத்திருந்தா ஒரு மணி நேரத்துல சிதம்பரம் வந்திருக்கும். திட்டணும்னா போன்லயே திட்டியிருப்பேன். இந்த மழையில நனைஞ்சுக்கிட்டு நான் எதுக்கு வந்தேன்னு நெனைக்கிறீங்க? அதையும் நானேதான் சொல்லணுமா?"

அவள் அந்த இரும்புக் கையை வெடுக்கென்று எடுத்தாள். விரலெல்லாம் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"ஐயோ... பெயிண்டு இன்னும் காயல."

"காயட்டும். காயற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

"இந்த மழைக்கு சாயங்காலம் ஆயிடும் செல்வி..."

"ஆகட்டும்!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அதையும் கோபமாகவே சொல்லிவிட்டு.